பாவு வாங்கத் தெரிந்த அப்பாவுக்கு கம்ப்யூட்டர் வாங்கத் தெரியாதா?

ஆரணித் தெருக்களில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம் கேட்கும். பொழுது சாய்ந்த பிறகு சில வீடுகளில் இப்போது வேறு சத்தம். துப்பாக்கி வெடிக்கிறது! கார்கள் சீறிப் பாய்கின்றன!

பயப்பட வேண்டாம். பையன் கம்ப்யூட்டரில் விளையாடுகிறான்.

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்கலாம். அப்பா பட்டு நெசவாளர். அம்மா நூல் சுற்றிக் கொடுப்பவர். மகன் கல்லூரி மாணவன். பகுதிநேர வேலை பார்த்துக் கொஞ்சம் பணமும் சேர்த்திருக்கிறான். ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகப் பேச்சை எடுக்கிறான்.

"அப்பா, நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கணும்."

"வாங்கேன். எவ்வளவு ஆகும்?"

"ஒண்ணரை லட்சம்."

அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிடுகிறார்.

"விளையாடுறதுக்கா ஒண்ணரை லட்சம்?"

அதோடு பேச்சு நின்றுபோகிறது. "அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று மகன் முகத்தைத் தூக்கிக்கொள்கிறான். "பையன் கெட்டுப்போனான்" என்று அப்பா முடிவு கட்டுகிறார். இருவருக்கும் நடுவில் அம்மா தவிக்கிறார்.

இரண்டு முடிவும் தப்பு. ஆசைப்பட்டதால் பையன் கெட்டுப்போகவில்லை. அப்பாவும் ஒன்றும் தெரியாதவர் அல்ல. சொல்லப்போனால், உயர்ந்த ரக கம்ப்யூட்டருக்குப் பாகம் பாகமாகச் சாமான் பொறுக்குவதற்கு, ஆரணி நெசவாளரைவிட நல்ல துணை கிடைப்பது கஷ்டம்!

தறி பெற்ற பிள்ளை

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு உண்டு.

தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அதில் துளை போட்ட அட்டைகள் சரம் சரமாக வருகின்றன. துளை இருந்தால் அந்த இழை மேலே எழும்பும். துளை இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். 'உண்டு', 'இல்லை' என்ற இந்த இரண்டே கட்டளையில் அன்னமும் மயிலும் புடவையில் வந்து உட்காருகின்றன.

பிரான்ஸ் நாட்டில் லியோன் என்ற பட்டு நகரம் இருக்கிறது. அந்த ஊர் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டு இந்தத் தறியை உருவாக்கினார். 1839-இல் அவருடைய உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் பட்டுப் படம் ஒன்றை இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்குப் போடும் யந்திரத்துக்கும் இதே துளை அட்டைகளைக் கொண்டு கட்டளை கொடுக்க அவர் எண்ணினார். அந்த யந்திரம் அவர் காலத்தில் முழுமை பெறவில்லை. ஆனால் யோசனை சாகவில்லை. 1890-இல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளைக் கொண்டுதான் கூட்டினார்கள். இன்றைய கம்ப்யூட்டருக்குள்ளும் ஓடுவது அதே 'உண்டு', 'இல்லை' கணக்குதான்.

ஆகவே ஆரணி அப்பா இந்த யந்திரத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

புடவை முடிவான பிறகே நூல்

எந்த நெசவாளரும் முதலில் நூல் வாங்குவதில்லை. என்ன புடவை, எவ்வளவு அகலக் கரை, முந்தானையில் என்ன வேலைப்பாடு என்று முடிவு செய்த பிறகே நூல், ஜரிகைக் கணக்கு.

கம்ப்யூட்டர் வாங்கும் பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு எது?" என்று தொடங்குகிறார்கள். அது தப்பு. முதலில் முடிவு செய்ய வேண்டியது திரை.

புடவை டிசைனைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைவார்கள் அல்லவா? கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான். அதுவும் கட்டம் கட்டமான புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளி, நெடுக்கே 1,080 புள்ளி. மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல். அடுத்த ரகத்தில் சுமார் 37 லட்சம். '4-கே' என்று சொல்லும் பெரிய ரகத்தில் சுமார் 83 லட்சம். அதாவது முதல் ரகத்தைப்போல் சரியாக நாலு மடங்கு.

விளையாடும்போது அத்தனை புள்ளிக்கும் நிறம் தீட்ட வேண்டும். ஒரு தடவை அல்ல. படம் தடுக்காமல் ஓட, விநாடிக்கு 60 தடவை தீட்ட வேண்டும். வேகமான திரைகளில் 144 தடவை! இந்த வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு.

இப்போது கணக்கு புரியும். நடுத்தரத் திரைக்கு நடுத்தரக் கார்டு போதும். 4-கே திரை வாங்கினால் கார்டுக்கும் பெரிய செலவு காத்திருக்கிறது. சின்னத் திரையை வைத்துக்கொண்டு ராட்சதக் கார்டு வாங்குவது, கைக்குட்டை நெய்ய ஜக்கார்டு பெட்டி மாட்டியது போல!

என்விடியா கம்பெனி 2025 ஜனவரியில் அறிவித்த கார்டுகளே இதற்கு உதாரணம். ஆர்.டி.எக்ஸ். 5090 என்ற கார்டுக்கு இந்தியாவில் சொன்ன ஆரம்ப விலை 2 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய். அதே வரிசையில் 5070 கார்டின் ஆரம்ப விலை 59 ஆயிரம் ரூபாய். நடுத்தரத் திரையில் ஆடும் பையனுக்கு இரண்டாவது கார்டே தாராளம். மிச்சமாகும் ஒன்றரை லட்சம் குடும்பத்துக்கு ஆகும்.

நூறு ரூபாயைப் பிரிக்கும் கணக்கு

திரையைத் தனியாக வைத்துவிட்டு, பெட்டிக்குள் போகும் சாமான்களுக்கு மட்டும் கணக்குப் பார்க்கலாம். கையில் 100 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டால் சுமாராக இப்படிப் பிரிக்கலாம்:

கிராபிக்ஸ் கார்டுக்கு 40 ரூபாய். மூளையாகிய பிராசஸருக்கு 16. எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டுக்கு 10. வேலை நடக்கும்போது விவரங்களைக் கையில் வைத்திருக்கும் ரேம் நினைவகத்துக்கு 10. விளையாட்டுகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.க்கு 7. மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைக்கு 9. பெட்டிக்கும் விசிறிகளுக்கும் 8.

இது வேத வாக்கு அல்ல. விலை மாறும். பட்டு நூல் விலை ஏறி இறங்குவது ஆரணிக்குப் புதிதா? 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவுக்காக உலகெங்கும் கட்டப்படும் பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போனதே காரணம். அப்படிப்பட்ட சமயத்தில் ஒரு சாமானுக்குக் கூடுதலாகக் கொடுக்க நேரலாம். ஆனால் அதற்காக மற்றொன்றை ஒரேயடியாக வெட்டிவிடக் கூடாது.

பிரமாதமான கார்டு, நோஞ்சான் பிராசஸர் என்றால், கார்டு கைகட்டிக் காத்துக்கொண்டிருக்கும். ஊடை நூல் சுற்றித் தர ஆள் இல்லாமல் தறி சும்மா நிற்பது போல.

பத்துப் பொருத்தமும் வேண்டும்

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல இதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்.

இன்டெல் பிராசஸர் ஏ.எம்.டி.க்கு உரிய மதர்போர்டில் உட்காராது. ஒரே கம்பெனியிலும் பழைய போர்டில் புதிய பிராசஸர் பொருந்தாமல் போகலாம். டி.டி.ஆர்.4 நினைவகம் டி.டி.ஆர்.5 போர்டில் நுழையாது. பெரிய கார்டுகள் முழங்கை நீளம் இருக்கும். பெட்டியின் உள் அளவைப் பார்க்காமல் வாங்கினால் மூடி சாத்தாது. ரேமை ஒரே பட்டையாக வாங்காமல் சம அளவில் இரண்டு பட்டையாக வாங்கினால் வேகம் கூடும். 32 வேண்டுமென்றால் இரண்டு 16.

நாளைய தேவையையும் நினைக்க வேண்டும். ஏ.எம்.டி. கம்பெனியின் 'ஏ.எம்.5' ரக மதர்போர்டு 2022-இல் வந்தது. பிறகு வந்த புதிய பிராசஸர்களும் அதிலேயே பொருந்தின. இப்படிப்பட்ட போர்டு வாங்கினால் சில வருஷம் கழித்து மூளையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முழுத் தறியையும் பிரிக்க வேண்டாம்.

ஜரிகையைச் சுரண்டிப் பார்!

கடைக்குப் போனால் கண்ணைப் பறிப்பது விளக்கு. விசிறியில் விளக்கு, ரேமில் விளக்கு, பெட்டியெல்லாம் விளக்கு! வானவில் மாதிரி மாறி மாறி ஒளி விடுகிறது. பையன் மயங்கிவிடுகிறான்.

அப்பா மயங்க மாட்டார். மினுமினுப்பை மட்டும் பார்த்து அவர் ஜரிகை வாங்கியதில்லை. சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால்தான் பேச்சு.

கம்ப்யூட்டரிலும் அதே பரீட்சை வேண்டும். அந்த விளக்கால் விளையாட்டு ஒரு இம்மியும் வேகமாக ஓடாது. விளக்குக்குக் கொடுக்கும் பணம் எங்கே போக வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போக வேண்டும். அதாவது பவர் சப்ளைக்கு.

புடவையின் அழகு முந்தானையில் தெரியும். பாரம் முழுவதையும் தாங்குவது பாவு. பாவு மட்டமாக இருந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். பவர் சப்ளைதான் கம்ப்யூட்டருக்குப் பாவு. ஆனால் பணம் குறைந்தால் பையன்கள் முதலில் கை வைப்பது இதன்மேல்தான்! மட்டரகப் பவர் சப்ளை கெட்டுப்போகும்போது தான் மட்டும் போவதில்லை. கூட இருக்கும் கார்டையும் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம்.

தேவைக்கு மேல் கொஞ்சம் சக்தி உள்ளதாக, பெயர் பெற்ற கம்பெனிச் சரக்காக, பல வருஷ உத்தரவாதம் உள்ளதாக வாங்க வேண்டும். கார்டுக்குப் போகும் மின்சார முனையை முழுவதும் அழுந்தச் செருக வேண்டும். 2022-இல் வந்த சில பெரிய கார்டுகளில் முனை உருகிய சம்பவங்கள் உலகம் முழுவதும் பேசப்பட்டன. சரியாக அழுந்தாமல் செருகியதும் அதற்கு ஒரு காரணம்.

ஆரணி வெயிலை மறக்காதே

கம்ப்யூட்டர் விளம்பரங்கள் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஆரணியில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

உயர்ந்த ரக கம்ப்யூட்டர் ஒரு சின்ன அடுப்பு. ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டு ஒன்றே 575 வாட் வரை இழுக்கும். இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் உஷ்ணமாக அறையில் இறங்கும். உஷ்ணம் மிஞ்சினால் யந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிக வேகத்துக்காகக் கொடுத்த பணம் வீண்.

எனவே முன்பக்கம் கண்ணாடி போட்ட அழகுப் பெட்டி வேண்டாம். முன்பக்கம் வலை போட்டு, காற்று உள்ளே வந்து பின்னால் வெளியேறும் பெட்டி வேண்டும். தறி ஓடும் வீட்டில் நூல் தூசி பறக்கும். வலையில் அது படிந்துவிடும். மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேஜைமேல் வைப்பது நல்லது.

வீட்டு மின்சார வசதியையும் பார்க்க வேண்டும். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதிக்கச் சொல்லலாம். லட்ச ரூபாய்ச் சாமான் வாங்கிவிட்டு, சில நூறு ரூபாய் எர்த்தில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல. திடீரென்று மின்சாரம் போனால் வேலையை மூடிவிட்டு நிறுத்த ஒரு யு.பி.எஸ். அவசியம்.

மின்சாரக் கட்டணக் கணக்கு இதோ: 400 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரில் தினம் 3 மணி நேரம் விளையாடினால், இரண்டு மாதத்தில் 72 யூனிட். 800 வாட் இழுத்தால் 144 யூனிட். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்று தமிழக அரசு 2023-இல் உயர்த்திக் கொடுத்தது. அந்த அளவோடு ஒப்பிட்டால், பெரிய கம்ப்யூட்டர் ஏறக்குறையப் பாதிக்குச் சமமானதைக் குடித்துவிடும்!

ரிச்சி தெருவுக்கு இருவரும் போகட்டும்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு இருக்கிறது. மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன இடம். பையன் நண்பனோடு போனால் ஆசை பேசும். அப்பாவோடு போனால் அனுபவமும் பேசும். பெயர்களைப் பையன் படிக்கட்டும். பேரத்தை அப்பா பார்க்கட்டும்.

வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு போக வேண்டும். மூன்று கடைகளில் எழுத்து மூலம் விலை வாங்க வேண்டும். இன்டர்நெட் விலையையும் ஒத்துப் பார்க்க வேண்டும். "அந்தக் கார்டு இல்லை, இது அதைவிட நல்லது" என்று சொன்னால், அன்றைக்கே வாங்கத் தேவையில்லை. ஆரணிக்கு பஸ் இருக்கிறது. திரும்பி வந்து யோசிக்கலாம்.

18 சதவீத ஜி.எஸ்.டி. போட்ட ரசீது கேட்டு வாங்க வேண்டும். "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்ற வார்த்தைக்கு மயங்கக் கூடாது. பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் கேட்டு நிற்கும்போது கை விரித்துவிடுவார்கள். ஒவ்வொரு சாமானின் வரிசை எண்ணும் ரசீதில் இருக்கட்டும். விண்டோஸ் உரிமத்துக்கும் விளையாட்டுகளுக்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று நிபந்தனைகள்

இத்தனையும் சொன்ன பிறகு, வாங்கலாமா, கூடாதா? வாங்கலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள்.

முதலாவது, கடன் கூடாது. தவணைக் கடைக்காரர் இனிக்க இனிக்கப் பேசுவார். நெசவாளர் குடும்பத்துக்குக் கடன் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கையில் 80 ஆயிரம் இருந்தால் 80 ஆயிரத்துக்கு வாங்கட்டும். நல்ல போர்டும் நல்ல பவர் சப்ளையும் இருந்தால், பெரிய கார்டைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பொய் கூடாது. "படிப்புக்கு வேணும்" என்று சொல்லி விளையாட்டு யந்திரம் வாங்கும் பிள்ளைகள் உண்டு. படிப்புக்கு மட்டும் என்றால் இந்த விலையில் கம்ப்யூட்டர் தேவையில்லை. அம்மாவுக்கு அது ஒருநாள் தெரியத்தான் போகிறது. விளையாட ஆசைப்படுவது குற்றம் அல்ல. சீனாவில் ஹாங்சௌ நகரத்தில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லிக் கேட்டால், இரவு எத்தனை மணிவரை என்ற பேச்சையும் அப்போதே முடித்துவிடலாம்.

மூன்றாவது, பணம் வைத்து ஆடக் கூடாது. காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எத்தனையோ குடும்பங்களை அழித்தன. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. அந்தச் சட்டம் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டியையும் பணம் கட்டி ஆடும் விளையாட்டையும் பிரித்துப் பார்க்கிறது. வீட்டிலும் அந்தக் கோடு இருக்க வேண்டும்.

பூட்டும் நாள்

சாமான் வந்து சேர்ந்ததும் பூட்டுவதும் வீட்டிலேயே நடக்கட்டும். கடினம் அல்ல. தொடுவதற்கு முன்பு ஒரு இரும்புச் சாமானைத் தொட்டுவிட்டு, உடம்பில் உள்ள மின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பிராசஸரை வைக்கும்போது பலம் காட்டக் கூடாது. திரையின் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். இதை மாற்றிச் செருகிவிட்டு, "கார்டு வேலை செய்யவில்லை" என்று கடைக்கு ஓடியவர்கள் பல பேர்!

ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சில் கோக்கும் பொறுமை அந்த வீட்டில் பரம்பரையாக இருக்கிறது. சின்னத் திருகாணியைப் பிடிக்க அப்பாவின் விரலைவிட நல்ல விரல் ஏது? மகன் படித்துச் சொல்லட்டும். அப்பா பூட்டட்டும். அம்மா பொத்தானை அழுத்தட்டும்.

திரையில் வெளிச்சம் வரும்போது, "அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று அந்தப் பையன் இனிமேல் சொல்ல மாட்டான். "பையன் கெட்டுப்போனான்" என்று அப்பாவும் சொல்ல மாட்டார். ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பேச்சில் பிரிந்து உட்கார்ந்தவர்கள் ஒரே மேஜையைச் சுற்றி நிற்பார்கள். அப்படி வாங்கும் கம்ப்யூட்டர் வீட்டுக்கு நஷ்டம் ஆகாது.